கேமரா தெரிகிறது, கணக்கு தெரியவில்லை

2024 ஏப்ரல் 27 இரவு, திருவனந்தபுரம் பாளையத்தில் கேரள அரசு பஸ் ஒன்றை ஒரு கார் மறித்தது. காரில் இருந்தவர் அப்போதைய மாநகராட்சி மேயர் ஆர்யா ராஜேந்திரன். உடன் அவருடைய கணவரும் அன்றைய சட்டமன்ற உறுப்பினருமான சச்சின் தேவும் இருந்தார். பஸ் டிரைவர் ஆபாசமாகச் சைகை காட்டினார் என்று மேயர் புகார் கொடுத்தார். பயணிகளோடு போன பஸ்ஸை நடுரோட்டில் மறித்து வேலையைத் தடுத்தார்கள் என்று டிரைவர் புகார் கொடுத்தார். பஸ்ஸில் 3 கேமராக்கள் இருந்தன. யார் சொல்வது உண்மை என்று பதிவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இரு தரப்பும் சொன்னது. போலீஸ் போய் ரெக்கார்டரைத் திறந்து பார்த்தபோது உள்ளே மெமரி கார்டு இல்லை.

கார்டு காணாமல் போனதற்கென்று தனியாக ஒரு வழக்குப் பதிவானது. அந்த இரவில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பொதுமக்கள் பணத்தில் கேமரா மாட்டி, 'இந்தப் பேருந்து கண்காணிப்பில் உள்ளது' என்று எழுதியும் வைத்த பிறகு, பதிவு இருக்கிறதா இல்லையா என்பதே ஒருவர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேனி மாவட்டம் தேவாரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ஆனால் அதே சங்கதி மலைக்கு இந்தப் பக்கமும் நடக்கும். நம் ஊரில் பரபரப்பான ஆட்கள் சம்பந்தப்படாவிட்டால் செய்தியாகாது, அவ்வளவுதான்.

பஸ்ஸிலும் ரயிலிலும் இருக்கும் கேமராவைப் பற்றி ஏதாவது கேட்டால் அதிகாரிகளிடமிருந்து வழக்கமாக வரும் பதில், 'பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சொல்ல முடியாது'. இந்தப் பதிலில் எவ்வளவு நியாயம், எவ்வளவு சாக்கு என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரகசியமாக வைக்க வேண்டியது உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம்தான். வெளியே சொல்ல வேண்டியது நிறைய. இப்போது நடப்பது நேர் தலைகீழ்.

கேமரா எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 2012 டிசம்பர் 16 டெல்லி பஸ் கொடுமைக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் நிர்பயா நிதி 1,000 கோடி ரூபாயோடு தொடங்கப்பட்டது. பொதுப் போக்குவரத்தில் கேமரா, அவசர பட்டன், ஜிபிஎஸ் எல்லாம் அந்த நிதியின் பேரில்தான் ஊர் ஊராக வந்தன. பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்ற விதி 2016-ல் சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரி முதல் புதிய வண்டிகளுக்கு அது கட்டாயமானது.

தமிழ்நாட்டை உலுக்கியது நுங்கம்பாக்கம். 2016 ஜூன் 24 காலை, ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் பலர் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். சென்னையின் நடுவே உள்ள அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராக்களில் பதிவான உருவத்தை வைத்துத்தான் போலீஸ் தேடியது. அதன்பிறகு கேமரா வேண்டும் என்ற பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போனது. 2022 மே மாதம் சென்னை மாநகரப் பேருந்துகளில் முதற்கட்டமாக 500 வண்டிகளில் கேமராவும் அவசர பட்டனும் நிர்பயா திட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அதையடுத்து பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 பிள்ளைகள் இறந்தார்கள். கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று முதல் நாள் முழுக்க ஆளுக்கொரு பேச்சு. கேட்டில் கேமரா இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. எல்லா ரயில்வே கேட்டிலும் கேமரா வைக்க அதன் பிறகு உத்தரவானது. அதே மாதத்தில் 74,000 ரயில் பெட்டிகளிலும் 15,000 இன்ஜின்களிலும் கேமரா பொருத்தப்போவதாக ரயில்வே அறிவித்தது. பெட்டிக்கு 4, இன்ஜினுக்கு 6.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரு கேமரா உத்தரவு வந்திருக்கிறது. கேமராவைக் கையாள்வது எப்படி என்று ஒரு சட்டம் மட்டும் வரவில்லை.

இனி நம் பக்கம். போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் சாலை நெடுஞ்சாலைக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கிறது. சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் பெரிய ரோட்டின் பரபரப்பு இங்கே கிடையாது. அரசு டவுன் பஸ், தனியார் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ. ரயில் ஏற வேண்டும் என்றால் போடிக்குப் போக வேண்டும்; 2010-ல் நின்ற ரயில், அகலப் பாதை போட்ட பிறகு 2023 ஜூன் 15-ல் அங்கே திரும்ப வந்தது. இவை போக, விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள்.

தனியார் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். டிரைவருக்கு மேலே சாமி படம், மாலை, சீரியல் லைட். பண்ணைப்புரத்தைத் தாண்டும் பஸ்ஸில் இளையராஜா பாட்டு ஓடாமல் இருந்தால்தான் அதிசயம். அந்த மாலைக்குப் பக்கத்தில் பாதி எலுமிச்சை அளவில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். பின்படிக்கு மேலே இன்னொன்று. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலோ மேல் பெட்டியிலோ பூட்டிய ரெக்கார்டர். குமிழின் மேல் புழுதி படிந்து வெள்ளை பூத்திருப்பது சகஜம். மாலை ஆடும்போதெல்லாம் பாதிப் படத்தை அது மறைக்கும். ரெக்கார்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் தேதி ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய் நின்றுவிடும். கோர்ட்டில் அந்தப் பதிவை வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே அந்தத் தேதியைத்தான்.

இந்தக் கேமராவை யாருக்காக மாட்டினார்கள்? முதலாளியிடம் கேட்டால் 'பாதுகாப்புக்கு' என்பார். கண்டக்டரிடம் கேட்டால் சிரிப்பார். பல தனியார் பஸ்களில் கேமராவின் முதல் வேலை கலெக்‌ஷனைப் பார்ப்பது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று முதலாளி வீட்டிலிருந்தே செல்போனில் எண்ணலாம். அதில் தப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை; சொந்த வண்டி, சொந்தக் காசு. ஆனால் கண்டக்டரின் கைப்பையைக் குறிவைத்துத் திருப்பிய கேமராவில் பின்சீட்டில் நடப்பது விழாது. காசுக்கு வைத்த கண் அது. காசைத்தான் பார்க்கும்.

அரசு பஸ் விஷயத்தில் வேறொரு சிக்கல். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ்ஸில் போகும் பெண்கள் கூட்டம் கூடிவிட்டது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாமே குற்றமாகின. அப்படிச் செய்பவரை கண்டக்டர் இறக்கிவிட வேண்டும், தேவைப்பட்டால் வழியில் உள்ள ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நல்ல விதிதான். முறைத்தான் என்பதை எப்படி நிரூபிப்பது? கேமரா இருந்தால் கொஞ்சம் முடியும். சென்னை பஸ்ஸில் நிர்பயா நிதி பேசுகிறது, தேவாரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டரின் தைரியம் பேச வேண்டியிருக்கிறது.

ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போடி மெட்டு, கம்பம் மெட்டு வழியாக இடுக்கி ஏலக்காட்டுக்குத் தினமும் போய்த் திரும்பும் பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய தொழிலாளர் கூட்டம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறும் அந்த ஜீப்பில் கேமராவும் இல்லை, பட்டனும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை போட்டால் சுற்று குறையும் என்று தேவாரத்துக்காரர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்காணிப்பு பற்றிய விவாதம் எல்லாம் ஏற்கெனவே ஓரளவு பத்திரமாக இருப்பவர்களைச் சுற்றியே நடக்கிறது என்பதற்கு இந்த ஜீப்பைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது 'பாதுகாப்புக் காரணம்' என்ற பதிலுக்கு வருவோம். இதில் உண்மை இருக்கிறது. கேமராவின் பார்வை விழாத மூலை எது என்ற வரைபடத்தை வெளியிட்டால் பிக்பாக்கெட்காரன்தான் முதலில் படிப்பான். நேரலைப் படம் போகும் நெட்வொர்க், அதன் பாஸ்வேர்டு, ரெக்கார்டரின் பூட்டு எல்லாம் வெளியே வரக்கூடாதவை. விசாரணையில் உள்ள வழக்கின் பதிவும், பாதிக்கப்பட்ட பெண்ணின் முகமும் அப்படித்தான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியாகி அவருடைய அடையாளம் தெரிந்துபோனது. உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எழுத்தில் இருந்த தகவலுக்கே அந்த நிலை என்றால், படம் வெளியானால் என்ன ஆகும்?

ஆனால் காக்க வேண்டிய இந்த ரகசியத்தைத்தான் நம்மவர்கள் காக்கவில்லை. 2013-ல் டெல்லி மெட்ரோவில் நெருக்கமாக உட்கார்ந்திருந்த ஜோடிகளின் கேமராப் பதிவுகள் ஆபாசத் தளங்களில் ஏறின. ஏதோ வெளிநாட்டுத் திருடன் எடுக்கவில்லை, மெட்ரோவின் கேமராவிலேயே பதிவானவை. 2025-ல் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளறைக் காட்சிகள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. கேமரா அமைப்பின் பாஸ்வேர்டு, பெட்டியோடு வந்த ஆரம்ப பாஸ்வேர்டு மாதிரியே எளிதாக இருந்தது என்று செய்திகள் வந்தன. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளம் காணும் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்து தகவலை எடுத்தார்கள். நிர்வாகி ஒருவரின் பாஸ்வேர்டு கசிந்ததே வழி என்று காவல்துறை சொன்னது. கேமராக்களின் மென்பொருளையும் வன்பொருளையும் அரசு ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கினால்தான் விற்கலாம் என்ற விதி 2025 ஏப்ரல் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கி மாட்டிய லட்சக்கணக்கான கேமராக்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கேள்வி கேட்டவரிடம் 'பாதுகாப்பு' என்று சொல்லிக் கதவை மூடிய அதே அலுவலகத்தில் பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருந்தால் அதை எந்தப் பாதுகாப்பில் சேர்ப்பது?

இன்னொரு வகை ரகசியமும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஓடும் பார்ட் ரயிலில் 2016 ஜனவரியில் ஒரு பயணி சுட்டுக் கொல்லப்பட்டார். பெட்டியில் கேமரா இருந்தது. ஆனால் படம் இல்லை. அந்த ரயில்களில் இருந்த கேமராக்களில் பெரும்பாலானவை வெறும் பொம்மை என்பதை அப்போது ஒரு செய்தித்தாள் வெளிக்கொண்டுவந்தது. சோளக்கொல்லையில் வைக்கோல் ஆள் நிறுத்துவது மாதிரி பல வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். வெளியே தெரிந்ததும் என்ன நடந்தது? எல்லாப் பெட்டியிலும் உண்மையான கேமரா மாட்டுவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஆக அங்கே பயணிக்குப் பாதுகாப்பைத் தந்தது வெளிப்படைத்தன்மைதான். ரகசியம் நிர்வாகத்தின் மானத்தைக் காத்தது. 2022 ஏப்ரலில் நியூயார்க்கில் சுரங்க ரயிலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தபோது 36வது தெரு நிலையத்தின் கேமராக்கள் வேலை செய்யாமல் இருந்ததும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. எத்தனை கேமரா பழுது என்பதை மாதாமாதம் வெளியிடும் வழக்கம் இருந்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும், சரியும் செய்திருப்பார்கள்.

கேமரா குற்றத்தைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களின் பதில் நாம் நினைப்பதைவிடச் சுருதி குறைவானது. பிரிட்டனிலும் மற்ற நாடுகளிலும் நடந்த சோதனைகளைத் தொகுத்து வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற இருவர் 2009-ல் எழுதிய ஆய்வில், கார் நிறுத்துமிடங்களில் குற்றம் பாதியாகக் குறைந்தது. பொதுப் போக்குவரத்தில் குறைந்தது போலத் தெரிந்தாலும் அதைக் கேமராவால்தான் என்று அடித்துச் சொல்லும்படி இல்லை. ஆக, பஸ் கேமராவின் பெரும் பயன் தடுப்பதில் இல்லை. நடந்த பிறகு என்ன நடந்தது என்று காட்டுவதில் இருக்கிறது. அப்படியானால் பதிவு இருக்க வேண்டும், இருப்பது கேட்டவருக்குக் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லாத கேமரா பார்ட் ரயிலின் பொம்மைக்குச் சமம்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்? கணக்கு எளிது. ஒரு கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் மணிக்கு 450 எம்பி. பஸ் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 7.2 ஜிபி. 3 கேமராவுக்கு 21.6 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டால் ஒன்றரை மாதம் தாங்கும். 256 ஜிபி கார்டு போட்டால் 12 நாளுக்குள் நிறைந்துவிடும். அப்புறம் பழையதன் மேலேயே புதியது ஏறும். யாரும் அழிக்க வேண்டியதில்லை, தானாக அழியும். 12 நாளா 45 நாளா என்பது சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். டெண்டர் எழுதும் மேசையில் முடிவாகும் விஷயம் அது. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதன் பக்கத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கெடுவை வைத்துப் பாருங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால், பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்ல 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பர்ஸ் போனதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதற்கும் மேலே தகவல் ஆணையம். மனு போய்ச் சேர்ந்து கிளார்க் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே பதிவு போய்விடும். 30-வது நாள் வரும் பதிலில் 'பதிவு இல்லை' என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. சட்டத்தை மீறாமலேயே சட்டத்தைத் தோற்கடிக்கும் வழி இது.

தானாக அழியும் ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு 2020-ல் பார்த்தது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஹார்ட் டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டுக்காவது வைக்க வேண்டும் என்றது. மேற்பார்வைக்குக் குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது. காவல் நிலையத்துக்கு அப்படியொரு கறார் உத்தரவு இருக்கிறது. பஸ்ஸுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. 18 மாதம் பஸ்ஸுக்குத் தேவையில்லைதான். தினமும் பல்லாயிரம் பேர் போய்வரும் படத்தை அவ்வளவு காலம் வைத்திருப்பதே ஓர் ஆபத்து. ஆனால் மனு பதிலுக்கான 30 நாளுக்கு மேலாவது இருக்க வேண்டாமா? 45 நாள் என்று வைத்துவிட்டு, புகார் வந்த பகுதியை மட்டும் தனியே எடுத்து வழக்கு முடியும்வரை பாதுகாத்தால் போதும் என்பது என் கருத்து.

கேட்டால் கிடைக்குமா என்பது அடுத்த சிக்கல். தகவல் சட்டத்தின் 8-வது பிரிவில் மறுப்புக்கான காரணங்கள் இருக்கின்றன: நாட்டின் பாதுகாப்பு, ஒருவரின் உயிருக்கு ஆபத்து, விசாரணைக்குத் தடை, தனிப்பட்ட விவரம். கேமராப் பதிவுக்கு எல்லாவற்றையும் ஒரே பதிலில் அடுக்கிவிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 10-வது பிரிவு, கொடுக்கக் கூடாத பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்கிறது. மற்றவர்கள் முகத்தை மங்கலாக்கிக் கேட்டவர் சம்பந்தப்பட்ட 3 நிமிடத்தைக் கொடுப்பது இன்று செல்போனிலேயே செய்யக்கூடிய வேலை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் தன் படத்தைத் தானே கேட்டு வாங்கும் உரிமை பயணிக்குச் சட்டப்படி இருக்கிறது.

இங்கே நிலைமை பின்னோக்கிப் போயிருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. தனிப்பட்ட விவரம் என்றாலே மறுக்கலாம் என்ற அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது. உண்மைதான், ஆனால் கொடுப்பது கடமை என்ற நிலை போய், மனம் வைத்தால் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. சரி, தரவுச் சட்டத்தின் வழியாகவாவது என் படத்தை நான் கேட்கலாமா? 11-வது பிரிவின்படி தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமை, நம் ஒப்புதலோடு தரவைப் பெற்ற நிறுவனத்திடம்தான் செல்லும். பஸ் ஏறும்போது என்னிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. ஆக, என்னைக் கேட்காமல் எடுத்த படம் என்பதாலேயே அதை நான் கேட்க முடியாது. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் சொன்னது குடிமகனைக் காக்க. அந்த வார்த்தை இப்போது அலுவலகத்தைக் காக்கும் கேடயமாகிக்கொண்டிருக்கிறது.

நீதிமன்றங்கள் இதில் கொஞ்சம் தெளிவாகவே இருந்திருக்கின்றன. வாரணாசி விடுதி ஒன்றில் நடந்த மரணம் தொடர்பான டொமாசோ புரூனோ வழக்கில், விடுதியின் கேமராப் பதிவைப் போலீஸ் தாக்கல் செய்யாததே அரசுத் தரப்புக்கு எதிரான அம்சம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் கருதி இருவரை விடுதலை செய்தது. பதிவைக் கொடுப்பதிலும் முறை இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் இருக்க வேண்டும். திரையை இன்னொரு போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'கொடுத்துவிட்டோம்' என்று சொன்னால் சாட்சியாகச் செல்லாது. பஸ் விபத்தில் கால் போனவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது இந்தச் சான்றிதழின் அருமை தெரியும்.

கேமராவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஓர் ஆளை இந்த விவாதத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. அவர் கண்டக்டர். டிரைவரும்தான். பயணி அரை மணி நேரம் கேமரா முன் இருப்பார். அவர்கள் டூட்டி முழுக்க. சாப்பிடுவது, கண் அசருவது, வீட்டுக்குப் போன் பேசுவது எல்லாம் பதிவாகிறது. மெமோ கொடுக்கும்போது நிர்வாகம் அந்தப் பதிவை எடுக்கும். 'பயணி அடித்தார்' என்று கண்டக்டர் புகார் சொல்லும்போது அதே பதிவு கிடைக்குமா? இரண்டு பக்கமும் வெட்டாத கத்தியை யாரும் நம்ப மாட்டார்கள். கேரளத்து மெமரி கார்டு கதையில் டிரைவரும் பதிவைத்தான் கேட்டார் என்பதை மறக்கக் கூடாது.

ஆக வெளியே சொல்ல வேண்டியது எது? டிப்போவில் எத்தனை பஸ், எத்தனையில் கேமரா, இந்த மாதம் எத்தனை பழுது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார், சென்ற ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், பதிவைத் திறந்து பார்த்தவர்கள் யார் என்ற குறிப்பேடு இருக்கிறதா. இதில் எந்த ஒரு விவரமும் திருடனுக்குப் பயன்படாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய விவரம் என்றே சொல்வேன். நேரக் காப்பாளர் அறைச் சுவரில் ஒரு தாளில் ஒட்டினால் தீர்ந்தது. தனியார் பஸ்ஸுக்கு தகவல் சட்டம் நேரடியாகச் செல்லாது. பெர்மிட் கொடுக்கும் போக்குவரத்து அலுவலகம் அதை நிபந்தனையாக எழுதினால் அந்த விவரம் அரசுப் பதிவேட்டுக்கு வந்துவிடும், அங்கிருந்து கேட்டு வாங்கலாம்.

இந்தப் பகுதி மக்களுக்குக் கேள்வி கேட்பது புதிதில்லை. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரும் என்றபோது, மலைக்குள் என்ன செய்யப்போகிறார்கள் என்று ஊர் கேட்டது. திட்டத்தின் விஞ்ஞானம் சரியா தவறா என்பது வேறு. ஆரம்பத்திலேயே ஊரைக் கூட்டிச் சொல்லாததால் விழுந்த சந்தேகத்தை, பிறகு எத்தனை விளக்கக் கூட்டம் போட்டும் துடைக்க முடியவில்லை. கேமராவுக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

விதி வரும்வரை பயணி கையில் இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். பஸ்ஸில் பொருள் போனாலோ, யாராவது தப்பாக நடந்தாலோ, விபத்தென்றாலோ, தகவல் உரிமை மனுவுக்கு முதலில் ஓடாதீர்கள், அது பிறகு. முதல் வேலை பதிவை அழியவிடாமல் நிறுத்துவது. பஸ் நம்பர், எங்கே ஏறினீர்கள், எத்தனை மணி, எந்தப் பக்கச் சீட் என்று எழுதி, 'இந்த நேரத்துப் பதிவைத் தனியாக எடுத்து அழிக்காமல் வைக்கவும்' என்ற ஒரு வரியைச் சேர்த்து, அன்றைக்கோ மறுநாளோ டிப்போ கிளை மேலாளரிடம் கொடுங்கள். தனியார் பஸ் என்றால் முதலாளிக்கு. ஒரு நகலை காவல் நிலையத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள்; பதிவைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டும் டிக்கெட்தான். அதிலுள்ள எண்ணை வைத்து எந்த நடை, எந்தக் கண்டக்டர் என்று டிக்கெட் கணக்குத் தாளான வே பில்லில் கண்டுபிடித்துவிடலாம். 'கேமரா ஓடலைக்கா' என்று பதில் வந்தால் அதையே எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.